கோழிக்கோடு டைரி: ஒரு எம்எல்ஏ கையில எடுத்த ஸ்கூலைப் பார்க்கப் போனோம்

ஞாயிறு

எங்க எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு, நடக்காவு கேர்ள்ஸ் ஸ்கூல், கோழிக்கோடு டவுனுக்குள்ள இருக்கிற கவர்மென்ட் ஸ்கூல், ரெண்டாயிரத்துக்கு மேல பொண்ணுங்க படிக்கிறாங்க. அதைப் பார்த்துட்டு ஒருத்தங்க இது பிரைவேட்டுங்கறாங்க, இன்னொருத்தங்க இல்ல கவர்மென்ட்டுதாங்கறாங்க, பேச்சு வளர்ந்துட்டே போச்சு. கடைசில எங்க எஸ்எம்சி தலைவி அக்காதான் "ஏங்கண்ணு, பக்கத்து ஸ்டேட்டு தான, ஒரு எட்டுப் போயி பார்த்துட்டே வந்தறலாம்"னாங்க. லீவு கிடைச்சுது, கிளம்பிட்டோம்.

ஸ்கூல் ஆபீஸுக்கு முன்னாடியே லெட்டர் போட்டு அனுமதி வாங்கினதுக்கு அப்புறம்தான் டிக்கெட்டே போட்டோம். பொண்ணுங்க ஸ்கூலு, சொல்லாம கொள்ளாம போய் கேட்ல நிக்கறது சரியில்ல. யாராச்சும் போறதா இருந்தா அப்படியே செய்ங்க.

காலைல கோயம்புத்தூர்ல மங்களூர் வண்டி ஏறி, வாளையார் தாண்டி பாலக்காடு, ஒத்தப்பாலம், ஷொர்ணூர், குத்திப்புரம். ஷொர்ணூருக்கு அப்புறம் பாரதப்புழா கூடவே வருது, தண்ணியைவிட மணல்தான் ஜாஸ்தி தெரிஞ்சுது. திரூர் வந்ததும் காத்துல உப்பு வாசம் வந்துருச்சு. அக்கா வழி பூரா ஒரு ஃபைலை மடியில வெச்சுட்டே வந்தாங்க, எங்க ஸ்கூலுக்காக நாங்க இதுவரைக்கும் குடுத்த மனுவோட நகல் எல்லாம் அதுல இருக்கு. பொண்ணுங்க டாய்லெட்டுக்குத் தண்ணி, காம்பவுண்டு சுவரோட உடைஞ்ச பக்கம், ஒன்பதாவதுக்கு கணக்கு டீச்சர். எல்லாத்துலயும் ரிசீவ்டுன்னு சீல் இருக்கு.

இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, நாங்க டூர் பார்க்கப் போகல. ஒரு எம்எல்ஏ நினைச்சா ஒரு கவர்மென்ட் ஸ்கூலுக்கு என்ன செய்ய முடியும், எதுவரைக்கும் முடியும், எது அவர் கையில இல்ல, இதைத் தெரிஞ்சுக்கத்தான் போனோம். எம்எல்ஏன்னா நம்ம மனசுல வர்றது அடிக்கல் நாட்டுறது, ரிப்பன் வெட்டுறது, ஆண்டுவிழாவுக்கு லேட்டா வந்து சீக்கிரம் போறது, அவ்வளவுதான். அதுக்கு மேல எதிர்பார்க்கறதையே நாம விட்டுட்டோம், அதுதான் பெரிய நஷ்டம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

ஒரு விஷயம் ட்ரெயின்லயே அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன், அவங்களுக்கு ஆச்சரியம். கோழிக்கோடு இருக்கிற மலபார் ஜில்லா 1956 நவம்பர் 1 வரைக்கும் மெட்ராஸ் ஸ்டேட்டுல இருந்தது. காமராஜர் 1954 ஏப்ரல்ல முதலமைச்சர் ஆனாரு, அப்ப அவரோட முதல் ரெண்டரை வருஷம் கோழிக்கோடும் அவர் ஆட்சிக்குக் கீழதான். அதனால ஏதோ அந்நிய ஊர்க் கதைன்னு இதைத் தள்ளி வெக்க வேண்டாம்.

திங்கள்

ரூம்ல இருந்து ஆட்டோ. டிரைவர் சேட்டன்கிட்ட நடக்காவு ஸ்கூல்னு சொன்னதும் "பிரதீப்குமாரின்டே ஸ்கூல் அல்லே"ன்னாரு. ஏ.பிரதீப்குமார், கோழிக்கோடு நார்த் தொகுதி எம்எல்ஏவா இருந்தவரு, சிபிஎம். 2006ல முதல் தடவை ஜெயிச்சாரு, அப்ப தொகுதி பேரு கோழிக்கோடு ஒன்னு, அப்புறம் தொகுதி பிரிச்சு நார்த் ஆச்சு, 2011, 2016 ரெண்டுலயும் ஜெயிச்சாரு. மொத்தம் 15 வருஷம். 2021ல தொடர்ந்து ரெண்டு தடவை ஜெயிச்சவங்களுக்கு சீட் இல்லைன்னு கட்சியில ஒரு முடிவு எடுத்தாங்க, அதனால அவர் நிக்கல. பதவி போயும் ஆட்டோக்காரர் வாயில ஸ்கூலோட சேர்த்து அவர் பேரு வருது பாருங்க.

ஸ்கூல் பழசு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள போனதும் முதல்ல கண்ணுல பட்டது வெளிச்சம். வராண்டா அகலமா இருக்கு, கிளாஸுக்குள்ள ரெண்டு பக்கமும் காத்து வர்ற மாதிரி, உயரமா கூரை, பெஞ்சுக்கு நடுவுல டீச்சர் நடந்து போய்ட்டு வர இடம். ஒரு பொண்ணு கடைசி பெஞ்சுல உக்காந்து போர்டைப் பார்த்து எழுதிட்டு இருந்துச்சு, கண்ணைச் சுருக்கல, எட்டிப் பார்க்கல. எங்க ஸ்கூல்ல மூணாவது வரிசைக்கு அப்புறம் போர்டு பளபளன்னு மின்னும், ஒன்னும் தெரியாது. அக்கா அந்தப் பொண்ணையே பார்த்துட்டு நின்னுட்டாங்க.

கிச்சன் பெருசு, ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்கு சமைக்கிற அளவு, சுவர் பூரா டைல்ஸ். சாப்பிட்டுட்டு கை கழுவுற இடத்துல வரிசையா குழாய், நான் நின்ன நேரம் பூரா எல்லாத்துலயும் தண்ணி வந்துச்சு. செயற்கைப் புல் போட்ட மைதானம், லைப்ரரி, லேப் எல்லாம் பார்த்தோம், நல்லா இருக்கு, ஆனா என் மனசு அந்தக் குழாயிலயே நின்னுருச்சு. டாய்லெட்டு பக்கம் ஒரு மூக்கைப் பொத்தற வாடை இல்ல. பொண்ணுங்க ஸ்கூல்ல தண்ணி வர்ற டாய்லெட்டு இருந்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துருங்க, வயசுக்கு வந்த பொண்ணு மாசத்துல மூணு நாலு நாள் லீவு போடறது எதனாலன்னு எல்லா அம்மாவுக்கும் தெரியும்.

இது எப்படி வந்துச்சுங்கறதுதான் கதை. பிரதீப்குமார் இதுக்கு ஒரு திட்டம் போட்டாரு, பிரிசம்னு பேரு, தொகுதில இருக்கிற கவர்மென்ட் ஸ்கூல்களை உலகத் தரத்துக்குக் கொண்டு வர்றதுன்னு. எம்எல்ஏ ஃபண்டை மட்டும் நம்பி இருந்தா சுவருக்கு பெயின்ட் அடிச்சுட்டு விட்டிருக்கணும். அவர் கோழிக்கோட்டுலயே இருக்கிற ஐஐஎம்மை, மேனேஜ்மென்ட் படிப்பு சொல்லித்தர்ற மத்திய நிறுவனம் அது, கூட்டிட்டு வந்தாரு, அவங்க டீச்சர்ஸ்க்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க. துபாய்ல தொழில் பண்ற ஃபைசல் கொட்டிக்கொள்ளன், அவர் மனைவி ஷபானா, இவங்க ஃபவுண்டேஷன் 15 கோடிக்கு மேல போட்டுச்சு. கட்டிட வேலை 95 நாள்ல முடிஞ்சுது, பாகம் பாகமா வெளிய செஞ்சு கொண்டு வந்து பூட்டுற முறை. 2013ல திறந்தாங்க. நம்ம ஊர்ல ரெண்டு கிளாஸ் ரூமுக்கு டெண்டர் விட்டு முடியறதுக்குள்ள ஆறாவது சேர்ந்த பிள்ளை எட்டாவது முடிச்சுட்டுப் போயிரும்.

ஆனா பணக்காரர் ஒருத்தர் காசு குடுத்தாரு, அதனால வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டா விஷயமே கை நழுவிரும். காசு குடுக்கறவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க, கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் குடுக்கறாங்களே. கவர்மென்ட் இடத்துல தனியார் காசுல கட்டணும்னா எத்தனை கையெழுத்து வேணும் தெரியுங்களா. கேரளாவுல ஸ்கூல் கல்வித்துறைக்கும் கீழ, உள்ளாட்சிக்கும் கீழ, டவுன்னா கார்ப்பரேஷன். துறை ஒரு பக்கம், கார்ப்பரேஷன் ஒரு பக்கம், என்ஜினியர் ஒரு பக்கம், பெத்தவங்க-ஆசிரியர் சங்கமான பிடிஏ ஒரு பக்கம், டீச்சர் சங்கம் ஒரு பக்கம். இவங்க எல்லாரையும் ஒரே மேஜையில உக்கார வெக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் எலெக்‌ஷன்ல ஜெயிச்சவரா இருந்தாத்தான் எல்லாரும் வருவாங்க. எம்எல்ஏவோட உண்மையான பவர் அதுதான்னு எனக்கு இன்னிக்குப் புரிஞ்சுது.

ஸ்கூல் ஆபீஸ்ல பேசின ஒரு டீச்சர் சொன்னாங்க, மலையாளத்துலயும் கொஞ்சம் தமிழ்லயும், "கட்டிடம் வந்தா போதாது மோளே, கட்டிடம் வந்தப்புறம் யாரு நோக்கும், அதாணு சோத்தியம்." அதாவது அப்புறம் யார் பார்த்துக்கறதுன்னு. இதை அக்கா ஃபைல் அட்டை மேலயே எழுதிக்கிட்டாங்க.

பிள்ளைங்களை போட்டோ எடுக்கல, எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க, அது நியாயம்தான். அதனால போட்டோ கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க.

செவ்வாய்

இன்னிக்கு மலாப்பறம்பு, கோழிக்கோட்டுலயே இன்னொரு ஏரியா. நடக்காவு எல்லாருக்கும் தெரியும், இந்தக் கதை நம்ம பக்கம் யாருக்கும் தெரியாது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

கேரளாவுல கவர்மென்ட் ஸ்கூலைவிட எய்டட் ஸ்கூல்தான் எண்ணிக்கைல ஜாஸ்தி. மேனேஜர்னு ஒருத்தர், இடமும் கட்டிடமும் அவரோடது, டீச்சரைப் போடறதும் அவர், சம்பளம் மட்டும் கவர்மென்ட் குடுக்கும். மலபார்ல மெட்ராஸ் ஆட்சிக் காலத்துல இருந்தே ஊர்ல படிச்ச ஒரு மாஷ், அதாவது வாத்தியார், திண்ணையில ஆரம்பிச்சது அப்படியே எய்டட் ஸ்கூல் ஆனது ஏகப்பட்டது உண்டு. தாத்தா ஆரம்பிச்சாரு, இப்ப பேரன் கையில இருக்கு, ரோட்டோரத்து நிலம், விலை ஏறிப் போச்சு, பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சு போச்சு. அப்ப என்ன ஆகும்?

மலாப்பறம்பு ஏயுபி (எய்டட் அப்பர் பிரைமரி) ஸ்கூல்ல அதுதான் ஆச்சு. நூத்தி முப்பது வருஷத்துக்குப் பக்கம் பழைய ஸ்கூல், நூறு பிள்ளைங்ககூட இல்ல. கேரளா கல்விச் சட்டத்துல 7(6)னு ஒரு பிரிவு, மேனேஜர் ஒரு வருஷம் முன்னாடி நோட்டீஸ் குடுத்து மூடிக்கலாம்னு. லாபமில்லைன்னு மூடறதுக்கு ஏற்பாடு நடந்துட்டு இருந்துச்சு. 2014 ஏப்ரல்ல, லோக்சபா எலெக்‌ஷன் நேரம், எல்லாரும் அந்த மும்முரத்துல இருக்கும்போது ராத்திரியோட ராத்திரியா கட்டிடத்தை இடிச்சுட்டாங்க. காலைல பார்த்தா ஓடும் செங்கல்லும் குவியலா கெடக்கு.

ஊர்க்காரங்க விடல. ஸ்கூல் பாதுகாப்புக் குழு போட்டு, காசு வசூல் பண்ணி, எம்எல்ஏ பிரதீப்குமாரும் கூட நின்னு, லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள அதே இடத்துல மறுபடி கட்டிடம் எழுப்பிட்டாங்க. எதிர்ல ஒரு டீக்கடையில இதை எங்களுக்குச் சொன்ன பெரியவர் அப்ப செங்கல் தூக்கினவரு, "ஞான் பணியெடுத்ததாணு", நான் வேலை செஞ்சதுன்னு சொல்லிட்டு உள்ளங்கையைக் காட்டினாரு, என்னவோ காய்ப்பு இன்னும் இருக்கற மாதிரி.

அதோட முடியல. கேஸ் ஹைகோர்ட் போய், 2016ல மூடணும்னு ஆர்டர் வந்துருச்சு. கல்வி ஆபீஸர் மூட வர்றாரு, ஜனங்க ரோட்டுல உக்கார்றாங்க. கோர்ட் ஆர்டரை மீற முடியாது, பிள்ளைங்களை விடவும் முடியாது. என்ன செஞ்சாங்கன்னா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல ஒரு ஹால்ல கிளாஸ் நடத்தினாங்க. கலெக்டர் ஆபீஸ்ல ஒன்னாங் கிளாஸ் பிள்ளை உக்காந்து அட்சரம் எழுதுது, நினைச்சுப் பாருங்க.

இதை எப்படி முடிச்சாங்கங்கறதுலதான் எம்எல்ஏ வேலையோட இன்னொரு பாதி இருக்கு. அதே சட்டத்துல 15ஆவது பிரிவு, எய்டட் ஸ்கூலை கவர்மென்ட் இழப்பீடு குடுத்து எடுத்துக்கலாம், ஆனா அதுக்கு சட்டசபைல தீர்மானம் வேணும். அதிகாரி மட்டும் கையெழுத்து போட்டு முடிக்கற சமாச்சாரம் இல்ல, அமைச்சர் மட்டும் சொல்லி ஆகறதும் இல்ல, சபை சொல்லணும். 2016ல புதுசா வந்த கவர்மென்ட் இந்தப் பிரிவை எடுத்துத்தான் மலாப்பறம்பு, அதோட பாலாட்டு, மங்காட்டுமுறி, கிராலூர்னு நாலு ஸ்கூலை எடுத்துக்கிச்சு. ஒரு சின்ன ஸ்கூலுக்காக, விரல் விட்டு எண்ணற பிள்ளைங்களுக்காக ஒரு ஸ்டேட்டோட சட்டசபை. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சுங்க, மெய்யாலுமே.

நம்ம எம்எல்ஏகிட்ட நாம எப்பவுமே ஃபண்டுதான் கேக்கறோம். சபைல என்ன பேசினீங்க, எங்க ஸ்கூல் பத்தி ஒரு கேள்வி எழுதிக் குடுத்தீங்களான்னு கேட்டதே இல்ல. சட்டசபைல ஒரு எம்எல்ஏ போட்ட கேள்வியை ஏத்துக்கிட்டா துறை பதில் சொல்லியாகணும், எத்தனை போஸ்ட் காலி, எப்ப நிரப்புவீங்கன்னு. எங்க கணக்கு டீச்சர் விஷயத்துக்கு அது ரிசீவ்டு சீலைவிட வலுவா இருக்கும்.

சாயங்காலம் அதே மலாப்பறம்பு ஜங்ஷன்ல நின்னு ரோட்டைப் பார்த்தோம். மானாஞ்சிறா – வெள்ளிமாடுகுன்னு ரோடு, 8.4 கிலோமீட்டர், அகலப்படுத்தணும்னு வருஷக் கணக்கா போராட்டம். வரலாற்று ஆசிரியர் எம்.ஜி.எஸ்.நாராயணன், பெரிய அறிஞர், 2025ல காலமானாரு, அவர்தான் அந்த ரோடு ஆக்‌ஷன் கமிட்டிக்குத் தலைமை. எம்எல்ஏவைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு அந்த ரோட்டு விஷயம் தலைக்கு மேல இருந்திருக்கும். நிலம் எடுக்கப் பணம் வரணும், கடைக்காரங்களுக்கு நஷ்டஈடு, ஒவ்வொரு பட்ஜெட்லயும் கொஞ்சம் கொஞ்சமா. பழைய கடைச் சுவர்ல அளவுக் குறி பாதி அழிஞ்சு கெடந்துச்சு, அந்தக் கடைக்காரர் நாளைக்கு இடிப்பாங்களா அடுத்த வருஷம் இடிப்பாங்களான்னு தெரியாமயே அத்தனை வருஷமா சரக்கு வாங்கி வித்திருக்காரு.

ஸ்கூல்ல 95 நாள்ல முடிச்ச அதே எம்எல்ஏவுக்கு இந்த ரோடு அவர் பதவி முடியற வரைக்கும் முடியல. இதையும் சொல்லத்தான் வேணும். ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே பக்கம் நிக்க முடியும், ரோட்டுல ஒருத்தருக்கு வழி, இன்னொருத்தருக்கு வீடு.

புதன்

காறப்பறம்பு ஸ்கூல் பக்கம் போனோம், இதுவும் பிரிசம்ல எடுத்தது. இது நடக்காவு மாதிரி இல்ல, பிள்ளைங்க குறைஞ்சு மூடற நிலைமைக்குக் கிட்ட போய் நின்ன ஸ்கூல். வெளிய இருந்துதான் பார்த்தோம், உள்ள போக அனுமதி கேட்டு வெக்கல. பெத்தவங்க சிலர்கிட்ட கேட்ல நின்னு பேசினோம். ஒரு அம்மா, மீன் மார்க்கெட்டுல வேலைன்னாங்க, மூத்தவனை பிரைவேட்ல படிக்க வெச்சு ஃபீஸ் கட்ட முடியாம இளையவளை இங்க போட்டாங்களாம். இப்ப மூத்தவனுக்கும் இங்கயே கேட்டிருக்காங்க.

நேத்து ராத்திரி போஸ்ட்டுக்கு ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு, ஒரு எம்எல்ஏ ரெண்டு மூணு ஸ்கூலைப் பண்ணா மத்த ஸ்கூல் என்ன ஆகும்னு. சரியான கேள்வி. இதுக்கு எங்க லாட்ஜுக்குப் பக்கத்துல பழக்கமான ஒரு ரிட்டயர்டு மாஷ் விளக்கமா சொன்னாரு, கையில இருந்த சுலைமானி, பால் இல்லாத டீ, ஆறிப் போற வரைக்கும் பேசினாரு மனுஷன்.

நடக்காவைப் பார்த்துட்டு இது மாதிரி எங்க தொகுதிலயும் வேணும்னு மத்த எம்எல்ஏங்க கேக்க ஆரம்பிச்சாங்க. 2017 ஜனவரில பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம்னு கேரளா கவர்மென்ட் ஆரம்பிச்சுது, 140 தொகுதிலயும் தொகுதிக்கு ஒரு ஸ்கூல், 5 கோடி, அதை கிஃப்பினு ஒரு அமைப்பு மூலமா கடன் திரட்டிப் போட்டாங்க. ஆயிரம் பிள்ளைங்களுக்கு மேல இருந்தா 3 கோடி, ஐநூறுக்கு மேல இருந்தா 1 கோடின்னு அடுத்த கட்டம். எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் 45,000 கிளாஸ் ரூமுக்கு லேப்டாப், புரொஜக்டர். மூணே வருஷத்துல 5 லட்சம் பிள்ளைங்க புதுசா பொதுப் பள்ளிக்கு வந்தாங்கன்னு கவர்மென்ட் சொல்லுச்சு. இதுல எம்எல்ஏவுக்கு என்ன வேலைன்னா எந்த ஸ்கூல்னு முடிவு பண்றதுல இருந்து, அது முடியற வரைக்கும் பின்னாடியே நிக்கறது. நின்ன தொகுதில சீக்கிரம் முடிஞ்சுது, நிக்காத தொகுதில பில்லர் மட்டும் எழும்பி நின்னுச்சுன்னு மாஷ் சொன்னாரு.

அவர் குறையும் சொன்னாரு, மறைக்கல. கடன் வாங்கிக் கட்டினது, திருப்பிக் கட்டறது ஸ்டேட்டு தலையில இருக்கு. பெரிய ஸ்கூலுக்குப் பணம் போச்சு, சந்துக்குள்ள இருக்கிற சின்னப் பிள்ளைங்க எல்பி (லோயர் பிரைமரி) ஸ்கூல் இன்னும் பழைய ஓட்டுக் கட்டிடம்தான். பிறக்கற குழந்தையே குறைஞ்சுட்டதால ஒன்னாங் கிளாஸ்ல சேர்றது வருஷா வருஷம் இறங்குது, கட்டிடத்தால மட்டும் அதைத் தடுக்க முடியாது. நான் கேட்டேன், அப்ப இவ்வளவும் வீணா மாஷேன்னு. "வீணல்ல. கவர்மென்ட் ஸ்கூலில் படிக்குன்னு எந்நு பறயான் நாணமில்லாதாயி." கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிறேன்னு சொல்ல வெக்கம் போயிருச்சுன்னாரு.

அந்த வெக்கம் எனக்குத் தெரியும். என் பொண்ணு கல்யாண வீட்டுல எந்த ஸ்கூல்னு யாராச்சும் கேட்டா ஊர் பேரை மட்டும் சொல்லிட்டு நகர்ந்துருவா.

எம்எல்ஏ ஆபீஸ்ல தினமும் என்ன நடக்கும்னும் மாஷ்கிட்ட கேட்டேன். காலைல ஏழு மணிக்கே ஆள் வந்துரும்னாரு. மெடிக்கல் காலேஜ்ல பெட் வேணும், முதலமைச்சர் நிவாரண நிதிக்கு லெட்டர் வேணும், பென்ஷன் நின்னு போச்சு, வீட்டு முன்னாடி ஓடை அடைச்சுட்டு இருக்கு, பையனுக்கு வேலை. இதுல ஒருத்தரையும் அப்புறம் வாங்கன்னு சொல்ல முடியாது, சொன்னா அடுத்த எலெக்‌ஷன்ல தெரியும். பத்து மணிக்குள்ள இதெல்லாம் முடிச்சுட்டுத்தான் ஸ்கூல் மீட்டிங். எனக்கு அப்பத்தான் தோணுச்சு, ஸ்கூல்காரங்க யாரும் காலைல ஏழு மணிக்கு எம்எல்ஏ வீட்டு வாசல்ல நிக்கறதில்ல. பிள்ளைங்க வந்து வரிசையில நிக்க முடியாது, ஓட்டும் கிடையாது. அதனால பெத்தவங்க நாமதான் அந்த வரிசையில முதல் ஆளா நிக்கணும்.

சாயங்காலம் பீச். ஃப்ரீடம் ஸ்கொயர்னு கடலைப் பார்த்து ஒரு திறந்தவெளி மேடை, இதுவும் பிரதீப்குமாரோட எம்எல்ஏ நிதில கட்டினது. நாங்க போனப்ப காலேஜ் பசங்க ஏதோ நாடக ஒத்திகை பார்த்துட்டு இருந்தாங்க, குடும்பம் குடும்பமா படியில உக்காந்து வேடிக்கை. நான் கல்லுமக்காய், கடல் சிப்பி, பொரிச்சது சாப்பிட்டேன், அக்கா சைவம், அவங்களுக்கு ஐஸ் ஒரதி, துருவின ஐஸ்ல செய்யறது.

வியாழன்

ட்ரெயின்ல உக்காந்துட்டு டைப் பண்றேன், ஷொர்ணூர்ல வண்டி நிக்குது, சிக்னல் விட்டு விட்டு வருது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

அக்காவும் நானும் வழி பூரா எங்க எம்எல்ஏகிட்ட என்ன கேக்கப் போறோம்னுதான் பேசிட்டு வர்றோம். அவர் எந்தக் கட்சிங்கறது இங்க தேவையில்ல, யாரா இருந்தாலும் இதைத்தான் கேப்போம். தமிழ்நாட்டுல ஒரு எம்எல்ஏவுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. தொகுதி பூரா நினைச்சா பெரிய காசு இல்ல, ஆனா ஒரு ஸ்கூலுக்குத் தண்ணித் தொட்டியும் போரும் பைப்லைனும் போட அதுல ஒரு துளி போதும். 2022ல உங்கள் தொகுதியில் முதலமைச்சர் திட்டத்துல ஒவ்வொரு எம்எல்ஏகிட்டயும் தொகுதியோட முக்கியமான பத்து கோரிக்கையை எழுதித் தரச் சொன்னாங்க, எங்க தொகுதி பத்துல என்ன இருந்துச்சு, அதுல ஒரு ஸ்கூலாச்சும் இருந்துச்சான்னு எங்க எஸ்எம்சில ஒருத்தருக்கும் தெரியல. அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்னு அக்கா சொல்றாங்க. நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு கவர்மென்ட்டே ஒரு வழி திறந்து வெச்சிருக்கு, முன்னாள் மாணவர், கம்பெனி எல்லாம் அது மூலமா ஸ்கூலுக்குக் குடுக்கலாம். எங்க ஊரைச் சுத்தி மில்லும் ஃபவுண்டரியும் எத்தனை இருக்கு. எம்எல்ஏ ஒரு தடவை அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசட்டும், காசு அவர் தர வேண்டாம்.

மனுவை இப்படி எழுதறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். இதுவரைக்கும் ஒரே பேப்பர்ல எல்லாத்தையும் கொட்டி எழுதிட்டு இருந்தோம், அதை மாத்தறோம். டாய்லெட்டுத் தண்ணிக்கு ஒரு மனு, என்ஜினியர்கிட்ட எஸ்டிமேட் வாங்கி அதோட இணைச்சு, தொகுதி நிதில கேட்டு. கணக்கு டீச்சர் போஸ்ட்டுக்கு தனியா ஒரு மனு, அதுல சட்டசபைல கேள்வி போடுங்கன்னு நேரடியாவே எழுதி. காம்பவுண்டு சுவர் ஊராட்சி வேலை, அதை எம்எல்ஏகிட்ட தூக்கிட்டுப் போறதுல அர்த்தமில்ல, அடுத்த கிராம சபைல வெக்கறோம். மூணுக்கும் எஸ்எம்சி தீர்மானம் போட்டு நகல் இணைக்கணும், தீர்மானம் இருந்தா அது தனி ஆள் கேக்கறது இல்ல, ஸ்கூல் கேக்கறது.

அதோட ஒரு கோரிக்கை, காசே இல்லாதது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஸ்கூலுக்கு வாங்க, மாலை மரியாதை வேண்டாம், மைக் வேண்டாம், கடைசி பெஞ்சுல உக்காந்து போர்டு தெரியுதான்னு பாருங்க, மதியம் பிள்ளைங்களோட சாப்பிடுங்க, குழாயைத் திறந்து பாருங்க. இதை எப்படி மரியாதையா எழுதறதுன்னு அக்கா இப்ப ஃபைல் பின்னாடி எழுதி எழுதி அடிச்சுட்டு இருக்காங்க.

வர்ற சனிக்கிழமை எங்க எஸ்எம்சி கூட்டம், அங்க தீர்மானம் போட்டதும் மூணு மனுவோட டைப் பண்ண காப்பியை இங்கயே போடறேன், உங்க ஸ்கூல் பேரை மாத்திப் போட்டுக்கங்க. எம்எல்ஏ ஆபீஸ்ல காலைல எத்தனை மணிக்கு ஆள் பார்க்கறாங்கன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க, நாங்க பத்துப் பேர் போறதா இருக்கோம், எல்லாம் அம்மாக்கள்.